ஆயா சுருக்குப் பையில இருந்த வெள்ளிக் காசு, ராணி முகம் இருக்கு, வட்டமாவே இல்ல: இது ஒரிஜினலா?

புரசை_கவிதா:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிச்சிட்டு மட்டும்தான் இருக்கேன், கேள்வி கேக்கறது இதான் முதல் தடவை. புரசைவாக்கத்துல எங்க தாத்தா காலத்து வீட்டை இடிச்சு ஃப்ளாட் கட்டக் குடுக்கப் போறோம், அதுக்காகப் போன வாரம் பரண்ல இருந்த டிரங்குப் பெட்டி எல்லாம் இறக்கினோம். ஒரு பெட்டில ஆயாவோட சுருக்குப் பை கெடச்சது. உள்ள நாலஞ்சு ஓட்டைக் காலணா, ஜார்ஜ் ராஜா தலை போட்ட ஒரு ரூபா ரெண்டு, அதுங்களோட இந்தக் காசும்.

மத்ததெல்லாம் என்னனு தெரியுது, இது மட்டும் புரியல. பத்து ரூபா காசை விட ஒரு நூல் சின்னது, ஆனா தகடு மாதிரி மெல்லிசு. கறுத்துப் போயிருக்கு. ஒரு பக்கம் கிரீடம் வெச்ச பொம்பளை முகம், இடது பக்கம் பாத்த மாதிரி, தலைக்குப் பின்னாடி குட்டியா ஒரு பூ. இன்னொரு பக்கம் கேடயம், அதுக்குப் பின்னாடி காசு முழுக்க நீளமா ஒரு சிலுவை. சுத்தி இங்கிலீஷ் எழுத்து மாதிரி இருக்கு ஆனா வார்த்தை எதுவும் பிடிபடல. ஒரு ஓரத்துல கத்தரிச்ச மாதிரி சப்பையா இருக்கு, அந்த இடத்துல எழுத்தோட கால் பாகம்தான் தெரியுது. உச்சில யாரோ வளையம் பத்த வெச்சு அது உடைஞ்சு போன தழும்பு ஒண்ணு.

அம்மா சொல்றாங்க, எங்க வீட்ல பொறந்த எல்லாக் கொழந்தைக்கும் அரைஞாண் கயித்துல இதைத்தான் கோத்துக் கட்டுவாங்களாம். பெரிய மாமாவுக்கு, சின்ன மாமாவுக்கு, அம்மாவுக்கு, அப்புறம் எனக்கும். என் தம்பி பொறந்தப்போதான் வளையம் உடைஞ்சு ஆயா பையில போட்டு வெச்சாங்களாம். தாத்தா துறைமுகத்துல டாலி கிளார்க்கா, அதாவது சரக்கு எண்ணிக் கணக்கு எழுதறவரா இருந்தவரு, அங்க யார்கிட்டயோ வாங்கினாருனு மாமா சொல்றாரு, ஆனா அவருக்கும் உறுதியாத் தெரியல.

சவுகார்பேட்டைல ஒரு வெள்ளிக் கடைல காட்டினேன். கையில வாங்கி ஒரு செகண்ட் பாத்துட்டு "வட்டமாவே இல்லையேம்மா, டூப்ளிகேட்டு, வேணும்னா எடைக்கு எடுத்துக்கறேன்"னு சொல்லிட்டாரு. மாமா ஏதோ வாட்ஸ்அப் வீடியோ பாத்துட்டு லட்சக்கணக்குல போகும்னு சொல்றாரு. அம்மா விபூதி போட்டுத் தேச்சா பளிச்சுனு ஆகி எழுத்து தெரியும்னு காலைல இருந்து சொல்லிட்டு இருக்காங்க. நான்தான் காசை ஒளிச்சு வெச்சிருக்கேன். இது நெஜமா பழசா, யாரோட காசு, தேய்க்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

—

பெரம்பூர்_காசுப்பெட்டி:

முதல்ல ஒண்ணு. தேய்க்காதீங்க சிஸ்டர். விபூதி, புளி, பல்பொடி, எலுமிச்சம்பழம், எதுவும் வேணாம். அம்மா குத்துவிளக்கு தேய்க்கற நல்ல மனசோடதான் சொல்றாங்க, ஆனா அந்தக் கறுப்பு அழுக்கு கிடையாது, வெள்ளி நூத்துக்கணக்கான வருஷமா காத்தோட பழகி மேல போத்திக்கிட்ட தோல். விபூதி கையில மெத்துனுதான் இருக்கும், ஆனா அதுவும் தேய்க்கிற பொடிதான். இவ்வளவு மெல்லிசு காசுல மீதி இருக்கற எழுத்து ஒரு முடி அளவுதான் மேல எழும்பி இருக்கும், அதை ஒரு நாள் தேச்சா இத்தனை கொழந்தைங்க இடுப்புல உரசினதுல போகாதது அன்னிக்குப் போயிடும். அதே மாதிரி எந்தப் பத்தர்கிட்டயும் உரைகல்லுல உரசவும் குடுக்காதீங்க. கோடு விழுந்தா விழுந்ததுதான்.

ரெண்டாவது, கடைக்காரர் சொன்ன காரணம். வட்டமா இல்ல அதனால டூப்ளிகேட்டுன்னாரு இல்லையா, என் அனுபவத்துல இது நேர் எதிர். இந்த மாதிரிக் காசு கச்சிதமா வட்டமா, ரெண்டு பக்கமும் நடு சென்டர்ல, எல்லா எழுத்தும் ஒரே ஆழத்துல இருந்தாதான் நான் பயப்படுவேன்.

ஏன்னா இது கையால அடிச்சது. நீங்க சொல்ற அடையாளத்துக்கு இது இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்தோட காசாத்தான் இருக்கணும், அவங்க ஆண்டது 1558ல இருந்து 1603 வரைக்கும். இப்போ இருந்துட்டுப் போன எலிசபெத் இல்ல, அவங்களுக்கு முன்னாடி அந்தப் பேர்ல இருந்தவங்க. அந்தக் காலத்துல லண்டன் டவர் கோட்டைக்குள்ளதான் மின்ட், அதாவது காசு அடிக்கற இடம். வெள்ளியை உருக்கித் தகடாத் தட்டி, துண்டு வெட்டி, எடை சரி பண்ணி, வில்லை ஆக்குவாங்க. அடி அச்சுக்குக் கீழ ஆணி மாதிரி கூரா ஒரு கால் இருக்கும், அதை மரக்கட்டைல இறக்கி அசையாம நிறுத்திடுவாங்க. அது மேல வில்லை. வில்லை மேல இன்னொரு அச்சு, அதை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால சுத்தியலால ஓங்கி அடி. மேல் அச்சு நேரா சுத்தியடி வாங்கறதால சீக்கிரம் வெடிச்சுப் போகும், அதனால முகம் மாதிரி செதுக்கக் கஷ்டமானதை அடி அச்சுல வெக்கறதுதான் பெரும்பாலும் வழக்கம். கை கொஞ்சம் சாஞ்சா ஒரு ஓரம் ஆழமாவும் எதிர் ஓரம் மங்கலாவும் விழும், முதல் அடி சரியா விழலனு ரெண்டாவது அடி அடிச்சா ராணிக்கு ரெண்டு மூக்கு வரும். பிடிமானம் எதுவும் கிடையாது, அதனால முகத்துக்கும் பின் பக்கத்துக்கும் நேர் கோடு இருக்காது. உங்க காசுல ராணி நேரா நிக்கற மாதிரி பிடிச்சுட்டு பக்கவாட்டுல திருப்பிப் பாருங்க, கேடயம் சாஞ்சோ தலைகீழாவோ இருந்தா கவலைப்படாதீங்க, அப்படித்தான் இருக்கும்.

நம்ம ஊர்க் காசும் இப்படித்தானே வந்தது. ஆற்காடு ரூபா பாத்தவங்களுக்குத் தெரியும், அச்சு பெருசு வில்லை சின்னது, அதனால எழுத்துல ஒரு துண்டுதான் காசுல விழும். இங்கிலாந்துல அச்சும் வில்லையும் கிட்டத்தட்ட ஒரே அளவு, அதனாலதான் சுத்தி எழுத்தும் மணி மணியா ஒரு வளையமும் முழுசா வரும். சுத்தியல் ஒண்ணுதான், பழக்கம் வேற.

தயவுசெஞ்சு மூணு விஷயம் பாத்துச் சொல்லுங்க. நகைக்கடை டிஜிட்டல் தராசுல எடை, மில்லி வரைக்கும். கேடயத்துக்கு மேல நம்பர் ஏதாவது இருக்கா. எழுத்து வரிசை ஆரம்பிக்கற இடத்துல, கிரீடத்துக்கு மேல, குட்டியா ஒரு சின்னம் இருக்கும், அது எது மாதிரி இருக்கு.

—

வடசென்னை_மணி:

சிஸ்டர் அவசரப்பட்டு யார்கிட்டயும் குடுத்துடாதீங்க, 450 வருஷக் காசுன்னா லட்சத்துல போகும், மாமா சொல்றது கரெக்ட்டு.

—

மயிலை_லதா:

மணி தம்பி, வயசு வேற விலை வேற. எலிசபெத் நாப்பத்தி நாலு வருஷம் ஆண்டவங்க, காசு அடிச்சுக்கிட்டே இருந்திருக்காங்க, இந்த ரகம் இன்னிக்கும் உலகம் முழுக்க ஏராளமா இருக்கு. தேஞ்சு, ஓரம் வெட்டி, வளையம் வேற பத்த வெச்சது சில ஆயிரம் ரூபா தேறினா சந்தோஷம். அபூர்வமான வருஷம், அபூர்வமான சின்னம், நல்ல கன்டிஷன் மூணும் சேர்ந்தாதான் நீங்க சொல்ற கணக்கு. ஆசை காட்டி வீடியோ போடறவங்களால எத்தனை வீட்ல சொத்துத் தகராறு வருதுனு பாத்துட்டுத்தான் சொல்றேன்.

கவிதா, மெட்ராஸுக்கு இது எப்படி வந்ததுங்கறதுதான் எனக்கு ரொம்ப ஆர்வமா இருக்கு. கம்பெனிக்காரன் கப்பல்ல வந்ததுனு உடனே யாராவது சொல்வாங்க, எனக்கு அப்படித் தோணல. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1600ல சாசனம் குடுத்தது இதே எலிசபெத்துதான். முதல் பயணம் 1601ல லங்காஸ்டர் தலைமைல நாலு கப்பல் கெளம்புச்சு. அதுக்குன்னே தனியா வெள்ளிக் காசு அடிச்சாங்க, ஒரு பக்கம் கோட்டை வாசல்ல தொங்குற இரும்புக் கிராதி படம் போட்டு, ஸ்பெயின்காரன் எட்டு ரியால் காசுக்கு எடை சமமா. ஆனா கிழக்குல எந்த வியாபாரிக்கும் அந்தக் காசு பழக்கம் இல்ல, வாங்க யோசிச்சாங்க. எல்லாரும் நம்பினது ஸ்பானிஷ் ரியாலைத்தான். அதனால கம்பெனியும் கடைசில ஸ்பானிஷ் வெள்ளியை வாங்கித்தான் பெட்டி பெட்டியா இங்க அனுப்புச்சு.

அந்த ரியாலைப் பாத்தா கவிதாவோட கடைக்காரர் இன்னும் கோவப்படுவாரு. மெக்ஸிகோவுலயும் இப்போ பொலிவியாவுல இருக்கற பொட்டோசிலயும் வெள்ளிக் கட்டில இருந்து துண்டு வெட்டி, எடை கூடினா மூலையக் கத்தரிச்சுட்டு, அப்படியே சுத்தியலால அடிச்சு விட்டுடுவாங்க. ஒண்ணு அஞ்சு மூலை, ஒண்ணு வாழைக்காய் பஜ்ஜி மாதிரி. வடிவத்தப் பத்தி யாருக்கும் அக்கறை இல்ல, 27 கிராமும் கொஞ்சமும் எடை, 93 சதவீதம் வெள்ளி, அது சரியா இருந்தாப் போதும். மெக்ஸிகோவுல 1732 வரைக்கும், பொட்டோசில 1773 வரைக்கும்கூட இந்த மொரட்டுக் காசுதான். பொட்டோசி மின்ட்டுல 1640கள்ல அதிகாரிங்களே செம்பு கலந்து ஏமாத்தினது வெளிய வந்தப்போ உலக வியாபாரமே ஆடிப் போச்சு, 1652ல இருந்து டிசைனையே மாத்த வேண்டியதாப் போச்சு.

அப்படி இங்க வந்த வெள்ளி காசாவே தங்கல. உருக்கி ரூபாயாவும், பணம்னு சொல்ற சின்னக் காசாவும் ஆயிடுச்சு. நம்ம சிந்தாதிரிப்பேட்டைல 1742ல மின்ட் இருந்தது எத்தனை பேருக்குத் தெரியும்! சவுகார்பேட்டை பக்கம் மின்ட் ஸ்ட்ரீட்டை இன்னிக்கும் தங்கசாலைத் தெருனுதானே சொல்றோம். 1807ல மெட்ராஸ்ல மெஷின் வந்ததுக்கு அப்புறம் ஒரு வேலை பண்ணாங்க, ஸ்பானிஷ் டாலரை உருக்காம அது மேலயே நம்ம அச்சை அடிச்சாங்க. கோபுரம் ஒரு பக்கம், தாமரைல பெருமாள் ஒரு பக்கம், தமிழ்ல அரை பூவராகன்னு எழுத்து. நான் ஒண்ணு கையில வெச்சுப் பாத்திருக்கேன், லென்ஸ்ல கோபுரத்துக்குப் பக்கத்துல ஸ்பெயின் ராஜாவோட பழைய எழுத்து நெழல் மாதிரி தெரிஞ்சது, ரொம்ப நேரம் அதைக் கீழ வெக்க மனசு வரல.

அதனால என் கணக்கு என்னன்னா, எலிசபெத் காசு கம்பெனி காலத்துல வந்திருந்தா உருக்குப் பானைக்குத் தப்பியிருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. கவிதாவோட மாமா சொல்ற மாதிரி துறைமுகத்துல ஏதோ ஒரு மாலுமி கையில இருந்து தாத்தா கைக்கு வந்ததுங்கறதுதான் எனக்கு நம்பற மாதிரி இருக்கு.

—

புரசை_கவிதா:

ரொம்ப ரொம்ப நன்றி எல்லாருக்கும். பெரம்பூர் அண்ணா சொன்னத அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன், "தோல்"னு சொன்னதக் கேட்டதும் விபூதி டப்பாவை உள்ள வெச்சுட்டாங்க.

தெரிஞ்ச நகைக்கடைல எடை போட்டேன். ரெண்டு கிராம் எண்ணூத்திப் பத்து மில்லி. கேடயத்துக்கு மேல 1571னு இருக்கு!! மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டுல சாச்சுப் பிடிச்சப்போதான் தெரிஞ்சுது, நேரா வெளிச்சம் அடிச்சா ஒண்ணுமே தெரியல. கடைசி 1 பாதிதான். சின்னம் இருக்கு, ரெண்டு பக்கமும். எனக்கு நம்ம கோயில் கோபுரம் மாதிரித் தெரியுது, அம்மாவும் அதான் சொன்னாங்க, அதனாலதான் கொழந்தைங்களுக்குக் கட்டினாங்களோ என்னமோனு. எழுத்துல எலிசபெத் அப்படிங்கறது இப்போ தெளிவாப் படிக்க வருது, மத்தது புரியல. திருப்பிப் பாத்தா கேடயம் நல்லாவே சாஞ்சிருக்கு.

இன்னொரு சந்தேகம், எடை இவ்வளவு கம்மியா இருக்கே, வெள்ளிதானா?

—

பெரம்பூர்_காசுப்பெட்டி:

சூப்பர் சிஸ்டர், டார்ச்சை சாச்சுப் பிடிச்சது சரியான வேலை, நாங்க எல்லாரும் அப்படித்தான் படிப்போம்.

நீங்க பாத்த கோபுரம், மூணு கோபுரம் வெச்ச கோட்டை. அது 1570, 71 வாக்குல போட்ட சின்னம், வருஷத்தோட ஒத்துப் போகுது, இது ரொம்ப முக்கியம், ஏன்னா போலி பண்றவன் பல தடவை வருஷத்தையும் சின்னத்தையும் மாத்திப் போட்டு மாட்டுவான். மின்ட்டுல அடிக்கற காசை அப்பப்போ எடுத்துப் பெட்டில போட்டு வெச்சு, பின்னால எடையும் தரமும் பாத்து, தப்பு இருந்தா மின்ட் மாஸ்டரைக் கேள்வி கேப்பாங்க. எந்தக் கணக்குக் காலத்துல அடிச்சதுனு தெரியத்தான் இந்தச் சின்னத்தை மாத்திக்கிட்டே இருந்தாங்க. கோட்டை, ஓக் மரத்துக் கொட்டை, வாள், மணி, பிறை, கை, சாவி, நங்கூரம்னு வரிசையாப் போகும்.

காசோட பேர் சிக்ஸ்பென்ஸ், ஆறு பென்னி, அரை ஷில்லிங். தலைக்குப் பின்னாடி ரோஜாப் பூ எதுக்குனா, படிக்கத் தெரியாத சனத்துக்காக. முகம் எல்லாக் காசுலயும் ஒண்ணுதான், அளவும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும், அதனால ஆறு பென்னிக்கு ரோஜா, நாலு பென்னிக்கு ரோஜா இல்ல, மூணுக்கு ரோஜா, ரெண்டுக்கு இல்ல, ஒன்றரைக்கு உண்டு, ஒண்ணுக்கு இல்ல, முக்கால் பென்னிக்கு உண்டு. முக்கால் பென்னினு ஒரு காசு எதுக்குனு நானும் முதல்ல முழிச்சேன். கால் பென்னிக்கு வெள்ளில காசு அடிச்சா கண்ணுக்கே தெரியாத துணுக்காப் போயிடும். அதனால கடைல கால் பென்னிக்கு ஒரு பொருள் வாங்கினா ஒரு பென்னி குடுத்து முக்கால் பென்னியத் திருப்பி வாங்கிக்கலாம். எவ்வளவு அழகான யோசனை!

சுத்தி இருக்கறது லத்தீன். முகத்துப் பக்கம், எலிசபெத், கடவுள் அருளால் இங்கிலாந்து பிரான்ஸ் அயர்லாந்து ராணினு சுருக்கி எழுதியிருக்கும். பிரான்ஸ்ல அவங்களுக்குக் கடைசியா இருந்த கலே ஊரும் 1558லயே, அவங்க பட்டத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே போயிடுச்சு, ஆனாலும் விடல. கேடயத்த நாலாப் பிரிச்சுப் பாருங்க, ரெண்டு கட்டத்துல சிங்கம், ரெண்டு கட்டத்துல பிரான்ஸோட லில்லிப் பூ. 1801ல தான் அந்த உரிமைய விட்டாங்க. பின் பக்க எழுத்து, கடவுளை எனக்குத் துணையாக் கொண்டேன்னு அர்த்தம். நம்ம கணக்கு நோட்டுல பிள்ளையார் சுழி மாதிரினு வெச்சுக்கோங்க.

இப்போ எடை. புதுசா அடிச்சப்போ 3.11 கிராம் இருக்கணும். உங்களுது 2.81, அதாவது பத்துல ஒரு பங்கு போயிருக்கு. தேய்மானம் கொஞ்சம், மீதி அந்தச் சப்பை ஓரம். அதைத் திருடினது யாரோ ஒருத்தன், நானூறு வருஷம் முன்னாடி, கத்தரி வெச்சு. ஒரு காசுல ஒரு சீவல், நூறு காசுல நூறு சீவல், உருக்கினா ஒரு வெள்ளிக் கட்டி. வெட்டின காசை அதே மதிப்புக்கு செலவும் பண்ணிடலாம். பிடிபட்டா ராஜத் துரோகம், மரண தண்டனை, அப்படியும் நிக்கல. 1690கள்ல புழங்கிட்டு இருந்த சுத்தியடிக் காசை எடை போட்டுப் பாத்தா இருக்க வேண்டிய எடைல கிட்டத்தட்ட பாதிதான் இருந்திருக்கு. 1662லயே மெஷின் காசு வந்துடுச்சு, பெரிய காசுங்க ஓரத்துல எழுத்தே போட்டாங்க, அலங்காரமும் பாதுகாப்பும்னு லத்தீன்ல, வெட்டினா தெரிஞ்சுடும்ங்கறதுக்காக. ஆனாலும் பழைய காசு புழக்கத்துலயே இருந்ததால 1696ல எல்லாத்தையும் திரும்ப வாங்கி உருக்கினாங்க, அந்த வருஷம் மின்ட்டுக்கு வார்டனா வந்தவரு ஐசக் நியூட்டன். அந்த உலைக்கும் தப்பிச்சுத்தான் உங்க காசு அரைஞாண் கயித்துக்கு வந்திருக்கு.

வெள்ளியானு பாக்க ஒரு வழி சொல்றேன், காசுக்கு ஒரு கீறல்கூட விழாது. அதே நகைக்கடை தராசுல ஒரு டம்ளர் தண்ணி வெச்சு ஜீரோ பண்ணுங்க. காசை மெல்லிசு நூல்ல கட்டி, தண்ணிக்குள்ள முழுசா முங்கற மாதிரி, ஆனா அடிலயும் ஓரத்துலயும் தொடாம தொங்க விடுங்க. தராசு ஒரு சின்ன நம்பர் காட்டும். காசோட எடைய அந்த நம்பரால வகுத்தா பத்தரைக்குக் கொஞ்சம் கீழ, 10.3 கிட்ட வரணும். வெள்ளைப் பித்தளைனா எட்டரை, ஈயம் கலந்த வார்ப்புன்னா வேற எங்கயோ போகும். காசு சின்னதுங்கறதால ரெண்டு மூணு தடவை பண்ணிப் பாருங்க.

எலிசபெத் காசுல இந்தக் கணக்கு ஒத்துப் போகும்ங்கறதுக்கே ஒரு கதை இருக்கு. அவங்க அப்பா எட்டாம் ஹென்றி, போர்ச் செலவுக்காக 1544ல இருந்து வெள்ளில செம்பைக் கலந்துக்கிட்டே போயி கடைசில மூணுல ஒரு பங்குதான் வெள்ளினு கொண்டு வந்து விட்டாரு. நேரா பாக்கற மாதிரி அவர் முகம், மேல வெள்ளிப் பூச்சு, புழங்கப் புழங்க முன்னால துருத்திட்டு இருக்கற மூக்குதான் முதல்ல தேயும், உள்ள இருக்கற செம்பு வெளிய தெரியும். சனங்க செப்பு மூக்குக் கெழவன்னே பேர் வெச்சுட்டாங்க. பொண்ணு பட்டத்துக்கு வந்து 1560, 61ல அந்தக் காசையெல்லாம் திரும்ப வாங்கி, பழையபடி 92.5 சதவீத வெள்ளில அடிச்சாங்க. ஒரு அரசாங்கம் கெடுத்த காசை அதே குடும்பம் நின்னு சரி பண்ணினதுதான் எனக்கு இந்தக் காசு மேல இருக்கற மரியாதைக்குக் காரணம்.

—

ராயபுரம்_சேகர்:

நல்ல பதிவு. ஒண்ணு மட்டும் சேக்கறேன். உங்க காசு அடிச்ச அதே காலத்துல அதே டவர்ல ஒரு மெஷினும் ஓடிட்டு இருந்தது. எலாய் மெஸ்ட்ரெல்னு ஒரு பிரெஞ்சுக்காரர், 1561ல இருந்து பத்து வருஷம் திருகு பிரஸ்ல அருமையான வட்டக் காசு அடிச்சாரு. வேகம் பத்தல, சுத்தியல்காரங்களுக்கும் அவரைப் பிடிக்கல, நிறுத்திட்டாங்க. கடைசில அவரையே கள்ளக் காசு அடிச்சதுக்காக 1578ல தூக்குல போட்டாங்க. அந்த வட்டமான காசும் இந்தக் கோணக் காசும் ஒரே சந்தைல கை மாறியிருக்கும்னு நெனச்சா ஒரு மாதிரியா இருக்கு.

அப்புறம் எல்லா நாட்டுக் காசையும் ஒரே அளவா நெனக்க வேணாம். என்கிட்ட ரஷ்யாவோட சுத்தியடி கோபெக் ரெண்டு இருக்கு, வெள்ளிக் கம்பியத் துண்டு போட்டுத் தட்டையாக்கி அடிச்சது, பூசணி விதை அளவு, ஈட்டி பிடிச்ச குதிரை வீரன்ல குதிரையோட கால் மட்டும்தான் ஒண்ணுல தெரியுது. நம்ம பழைய வெள்ளிப் பணம் பக்கத்துல வெச்சா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பீட்டர் ராஜா காலத்துல 1718 வரைக்கும் இதைத்தான் புழங்கினாங்க. ஹங்கேரில மாதா கையில கொழந்தை ஏசு இருக்கற மாதிரி ஒரு சின்ன டெனார், பக்கத்துல கே, பி னு ரெண்டு எழுத்து, அது கிரெம்னிட்ஸ் மின்ட். கைல காசு கம்மியா இருக்கறவங்க சுத்தியடிக் காசு சேக்க ஆரம்பிக்கணும்னா நான் அதைத்தான் சொல்வேன், மலிவு, அதோட வருஷமும் போட்டிருக்கும்.

—

மயிலை_லதா:

கவிதா, அந்த வளையத் தழும்பை யாராவது பத்தர் ராவி எடுத்துடறேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. காசு சேக்கறவங்க கணக்குல அது குறைதான், விலையக் கொறைக்கும், நான் மறைக்கல. ஆனா உங்க வீட்டுக் கதை அந்தப் பொட்டுலதான் இருக்கு. கொழந்தை இடுப்புல காசு கட்டறது நம்ம பழக்கம் மட்டும்னு நெனக்காதீங்க. இங்கிலாந்துல கண்டமாலை, அதாவது கழுத்துல கட்டி கட்டியா வர்ற நோய், வந்தவங்களை ராஜா ராணி கையால தொட்டா கொணமாகும்னு நம்பிக்கை, எலிசபெத்தும் தொட்டிருக்காங்க. தொட்டுட்டு ஏஞ்சல்னு ஒரு தங்கக் காசுல ஓட்டை போட்டு ரிப்பன்ல கோத்து நோயாளி கழுத்துல மாட்டி விடுவாங்க. அதே ராணி முகம் போட்ட வெள்ளிக் காசை உங்க ஆயா எங்கயோ புரசைவாக்கத்துல கொழந்தை நல்லா இருக்கணும்னு கட்டியிருக்காங்க.

சட்டம் பத்தி ஒரு வார்த்தை. 1972 சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேல ஆன காசு தொல்பொருள். வீட்ல வழி வழியா வந்ததை வெச்சிருக்கறதுல தப்பு இல்ல, ஆனா வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, ஆன்லைன்ல எவனாவது லண்டன்ல வித்துத் தரேன் கூரியர்ல போடுனு சொன்னா மாட்டிக்காதீங்க. இன்னொண்ணு, வீடு இடிக்கறப்போ மண்ணுக்குள்ள பானை கீனை ஏதாவது கெடச்சா அது வேற கதை, அதுக்கு 1878லயே புதையல் சட்டம் இருக்கு, மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் சொல்லணும். பெட்டில இருந்தது உங்க சொத்துதான்.

வெக்கறது எப்படினா, பிவிசி கவர் வேணாம், கொஞ்ச நாள்ல பச்சையாப் பிசுபிசுக்கும். காயின் வெக்கற காட்டன் துணி லைன் போட்ட டப்பா, இல்லேன்னா மைலார்ங்கற பிளாஸ்டிக் தாள்ல ஜன்னல் வெச்ச அட்டை. தொட்டா ஓரத்துல மட்டும் பிடிங்க. எக்மோர் மியூசியத்துல காசுப் பிரிவு இருக்கு, கோட்டை மியூசியத்துலயும் கம்பெனி காலத்துக் காசுங்க வெச்சிருக்காங்க, அம்மாவைக் கூட்டிட்டு ஒரு நாள் போய்ட்டு வாங்க.

—

புரசை_கவிதா:

தண்ணில தொங்க விட்டுப் பாத்தோம். நகைக்கடை அண்ணா முதல்ல சிரிச்சாரு, அப்புறம் அவரே ஆர்வமாகி கடைப் பையனை விட்டு ஃபேன் ஆஃப் பண்ணச் சொல்லி நூலைப் பிடிச்சுக்கிட்டாரு. மூணு தடவை. 272 மில்லி, 270, 272. வகுத்தா 10.3ல இருந்து 10.4க்குள்ள வருது. அங்கயே அம்மா கண்ணு கலங்கிட்டாங்க.

மாமாகிட்ட லதா மேடம் சொன்ன விலை விஷயத்தைப் பக்குவமா சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் அவரே, "வித்தா ஆளுக்கு ரெண்டாயிரம் வரும், அது எதுக்கு, என் இடுப்புல கெடந்ததுடி அது"ன்னாரு. லென்ஸ் வாங்கிட்டு வந்து ராத்திரி பத்து மணி வரைக்கும் டார்ச்சை சாச்சு சாச்சு லில்லிப் பூ எங்க சிங்கம் எங்கனு தேடிட்டு இருந்தாங்க மாமாவும் அம்மாவும். ஒரு சிங்கம் முழுசா இருக்கு. இன்னொண்ணு வெட்டின பக்கம், வால் மட்டும்தான்.

தம்பி பொண்டாட்டிக்கு தை மாசம் டெலிவரி. வளையம் புதுசா பத்த வெக்கக் கூடாதுனு நானே சொல்லிட்டேன். பேர் வெக்கற அன்னிக்கு டப்பாவோட கொழந்தை பக்கத்துல கொஞ்ச நேரம் வெச்சுட்டு எடுத்துடலாம்னு அம்மா சொல்லியிருக்காங்க.

பெரம்பூர் அண்ணா, ஞாயித்துக்கிழமை நீங்க ஃப்ரீயா இருந்தா மாமா அதை எடுத்துட்டு வந்து உங்ககிட்ட நேர்ல காட்டணும்னு கேக்கறாரு, மெசேஜ் பண்ணியிருக்கேன்.